நெஞ்சு வலியும் 1990 என்ற இலக்கமும்: கல்குடாவில் நாட்பட்ட இதயநோயுடன் வாழ்தல்

கல்குடா, வாழைச்சேனை, கிரான் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் '1990' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆண்டுதான். ஜூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் வீடு திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து சத்துருக்கொண்டான் படுகொலை நடந்தது.

இன்று அதே நான்கு இலக்கங்கள்தான் நாடு முழுவதற்குமான இலவச அவசர அம்புலன்ஸ் சேவையின் தொலைபேசி இலக்கம். 2016இல் இந்தியாவின் நிதியுதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 'சுவசெரிய' சேவை, பின்னர் வடக்கு கிழக்கு உட்பட எல்லா மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இந்த இலக்கத்தை எவரும் எங்களை நினைத்துத் தெரிவு செய்திருக்கப் போவதில்லை. ஆனாலும் இரவில் நெஞ்சு இறுகும்போது எங்கள் ஊரில் ஒரு முதியவர் அழைக்க வேண்டிய இலக்கம், அவருடைய பிள்ளை காணாமற்போன ஆண்டாக இருக்கிறது. போரால் பாதிக்கப்பட்ட ஒரு சமூகத்தில் இதயநோயைப் பற்றிப் பேசும்போது இதையெல்லாம் விட்டுவிட்டுப் பேச முடியாது.

இந்தக் கட்டுரை திடீர் மாரடைப்பைப் பற்றியது மட்டுமல்ல. கிழமைக்கு இரண்டு தடவையோ நாளுக்கு ஒரு தடவையோ நெஞ்சில் பாரம் வந்து போகும் நிலையோடு வருடக் கணக்காக வாழ்பவர்களைப் பற்றியது. வைத்தியர்கள் இதை 'அன்ஜைனா' என்கிறார்கள். எங்கள் வீடுகளில் 'நெஞ்சுக்குத்து', 'நெஞ்சு இறுக்கம்' என்போம். பல வேளைகளில் 'வாய்வு' என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணியோ சோடாவோ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம்.

நோயை விடப் பெரிய பயம்

இலங்கை அரச வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கான காரணங்களில் இதயத்துக்கான குருதியோட்டக் குறைபாட்டு நோய் நீண்ட காலமாகவே முதலிடத்தில் இருந்து வருகிறது. நாட்டின் மொத்த மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களால் நிகழ்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. போர்க்காலத்தில் குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பியவர்கள் இப்போது சீனி வருத்தம், பிறஷர், கொலஸ்ட்ரோல் என்று கிளினிக் கொப்பிகளோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அன்ஜைனா எப்படி வருகிறது என்பது அவ்வளவு சிக்கலான விடயம் அல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளில் கொழுப்புப் படிந்து அவை ஒடுங்கிவிடுகின்றன. சும்மா இருக்கும்போது அந்த ஒடுங்கிய வழியால் வரும் இரத்தம் போதும். கரைவலை இழுக்கும்போது, கடற்கரை மணலில் கால் புதையப் புதைய நடக்கும்போது, நெல் மூட்டை தூக்கும்போது, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு வெயிலில் இறங்கும்போது, மார்கழி விடியலில் கிணற்று நீரைத் தலையில் ஊற்றும்போது, கோபம் வரும்போது இதயம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். அப்போது இரத்தம் போதாமல் தசை வலிக்கிறது. நடுநெஞ்சில் இறுக்கம், பாரம், எரிவு. சிலருக்கு இடது கை, கழுத்து, தாடை, முதுகு வரை போகும். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் வலியே இல்லாமல் இளைப்பும் களைப்பும் மட்டும் வரலாம். அதனாலேயே பெண்களின் அன்ஜைனா வாய்வு என்றும் மனக்கவலை என்றும் ஒதுக்கப்படுகிறது. வேலையை நிறுத்தி இருந்தால், அல்லது நாக்குக்குக் கீழே குளிசை வைத்தால், சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

இங்கேதான் முக்கியமான ஒரு விடயம் எங்கள் மக்களுக்குச் சொல்லப்படாமல் இருக்கிறது. வந்து சில நிமிடங்களில் அடங்கும் வழக்கமான அன்ஜைனா ஒரு சின்ன மாரடைப்பு அல்ல. ஒவ்வொரு முறை வரும்போதும் இதயத்தின் ஒரு துண்டு செத்துப்போவதில்லை. மாரடைப்பில் நாடி முற்றாக அடைபட்டுத் தசை சேதமாகிறது. வழக்கமான அன்ஜைனாவில் அப்படி நடப்பதில்லை.

இந்த வித்தியாசம் தெரியாதவர் என்ன செய்கிறார்? நடப்பதை விடுகிறார். கோயிலுக்கு, சந்தைக்கு, செத்தவீட்டுக்குப் போவதை விடுகிறார். பிள்ளைகளும் அன்பினால், "நீங்க ஒண்டும் செய்ய வேணாம், சும்மா இரிங்க" என்கிறார்கள். உடல் பலமிழக்கிறது. பலமிழந்த உடலுக்கு முற்றத்தைக் கடப்பதே கடும் வேலையாகிவிடுகிறது. அப்போது அன்ஜைனா முன்பை விடக் குறைந்த வேலைக்கே வருகிறது. "பாத்தியா, வருத்தம் கூடிற்று" என்று மேலும் ஒடுங்குகிறார். என் உறவினர் ஒருவர் இப்படி மூன்று வருடம் விறாந்தைக் கதிரையிலேயே இருந்தார். அவரை முடக்கியது நாடியின் அடைப்பா பயமா என்று கேட்டால் என்னால் இன்றும் பதில் சொல்ல முடியாது. இரண்டும் என்பதே சரியாக இருக்கும்.

யோர்க்கிலும் ரொறன்ரோவிலும் கண்டது

இந்தப் பயத்தை மருந்தாக எண்ணிச் சிகிச்சை அளித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரித்தானியாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் பொப் லெவின் தலைமையிலான குழு 'அன்ஜைனா திட்டம்' என்ற ஒன்றை உருவாக்கி, அதன் முடிவுகளை 2002இல் வெளியிட்டது. அதில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு தாதி நோயாளியோடும் அவரது துணையோடும் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகப் பேசுகிறார். நோயைப் பற்றி அவர்கள் நம்பும் பிழையான விடயங்களைக் கேட்டறிந்து திருத்துகிறார். வீட்டில் வாசித்துச் செய்ய ஒரு கைநூலும், உடலைத் தளர்த்தும் பயிற்சிக்கான ஒலிநாடாவும் கொடுக்கிறார். பிறகு சில கிழமைகளுக்கு ஒரு தடவை தொலைபேசியில் விசாரிக்கிறார். அவ்வளவுதான்.

142 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தின் பின் இத்திட்டத்தில் இருந்தவர்களுக்குக் கிழமைக்குச் சராசரியாக மூன்று தடவைகள் வலி குறைந்திருந்தது. வழமையான தாதிய ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்குக் குறைந்தது அரைத் தடவைக்கும் குறைவு. நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசையின் பாவனையும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன.

கனடாவில் மைக்கல் மக்கில்லியன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. நாட்பட்ட அன்ஜைனா உள்ள 130 பேர். ஒரு பகுதியினர் சிறு குழுக்களாகக் கூடி, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வீதம் ஆறு கிழமை கற்றார்கள். வலியைக் கவனிப்பது, வேலையைப் பிரித்துச் செய்வது, எப்போது உதவி தேடுவது, மனவழுத்தத்தை எப்படிக் கையாள்வது என்பவை பாடங்கள். மூன்று மாதத்தில் அவர்களது வலியின் அடிக்கடித் தன்மை குறைந்தது, உடல் இயக்கம் கூடியது, 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற நம்பிக்கை உயர்ந்தது. இது நடந்தது ரொறன்ரோவில். எங்கள் ஊரவர்கள் பல்லாயிரக் கணக்கில் வாழும் அதே நகரம். அங்கிருந்து கல்குடாவுக்கு உண்டியலில் காசு வந்திருக்கிறது, பொதியில் பால்மாவும் வந்திருக்கிறது. இப்படியொரு பாடத்திட்டம் இருக்கிறது என்ற செய்தியை யாராவது அனுப்பினார்களா தெரியவில்லை.

மிகைப்படுத்தவும் கூடாது. இரண்டுமே சிறிய ஆய்வுகள், குறுகிய காலத்துக்கானவை. இவை அடைப்பைத் திறப்பதில்லை, மருந்துக்கு மாற்றும் அல்ல. மருந்தோடு சேர்ந்து, அதே நாடியோடு ஒருவர் கூடுதலாக நடமாடலாம் என்பதுதான் இவை காட்டியது. ஒரு வலைத் தொழிலாளிக்கோ, கணவனை இழந்து தனியாக வீட்டைக் கொண்டு நடத்தும் பெண்ணுக்கோ அந்த நடமாட்டம்தான் அன்றாடச் சாப்பாடு.

பட்டாசுச் சத்தமும் நாடியும்

யோர்க்கில் இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது. 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது ஷெல் விழுந்தது. வாகரைக்குள் சிக்குண்டவர்கள் உணவும் மருந்தும் போதாமல் இருந்து, 2007 ஜனவரியில் தெற்கே நடந்தும் படகிலும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் இதே கரையைச் சுனாமி விழுங்கியிருந்தது. இவற்றில் ஒன்றைக் கடந்தவரே பெரும்பாடு பட்டிருப்பார். இங்கே எல்லாவற்றையும் கடந்தவர்கள் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

2009இல் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கணக்கெடுப்பில், 32.6 சதவீதமானோரிடம் பதற்றத்துக்கான அறிகுறிகளும் 22.2 சதவீதமானோரிடம் மனச்சோர்வுக்கான அறிகுறிகளும் 7 சதவீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிந்தைய மனவடுவும் இருந்தன. அப்போதும் முகாம்களில் இருந்தவர்களிடம் இவை கூடுதலாகக் காணப்பட்டன. இது மட்டக்களப்பின் கணக்கு அல்ல. ஆனால் கிழக்கில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

மனவடு இதயத்தையும் தொடுகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, அந்த மனவடு உள்ளவர்களுக்கு முடியுரு நாடி நோய் வரும் சாத்தியம் ஒன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது. மனச்சோர்வின் பங்கைக் கழித்த பிறகும் கால்வாசிக்கு மேல் அதிகமாகவே இருந்தது.

நடைமுறையில் இது எப்படி வெளிப்படுகிறது? திருவிழாப் பட்டாசு வெடிக்கிறது. ஒரு தாய் திடுக்கிடுகிறார். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. இது பயமா, அன்ஜைனாவா? வைத்தியசாலைக்குப் போனால் ஈசிஜி எடுக்கிறார்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் "மனப்பிரமை அம்மா, போங்க" என்று அனுப்பப்படுவதும் உண்டு. அந்தப் பதில் பாதி உண்மை கூட இல்லை. திடுக்கிடும்போது சுரக்கும் அட்ரினலின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. நாடி ஒடுங்கியிருந்தால் அந்த ஏற்றமே உண்மையான அன்ஜைனாவைக் கொண்டுவரும். வலி அடங்கிய பின் எடுத்த ஈசிஜி சரியாக இருக்கலாம். மறுபக்கம், நாடியில் கோளாறே இல்லாமல் பயம் மட்டும் நெஞ்சைப் பிடிப்பதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. நோயாளி செய்யக்கூடியது, எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் நின்றது, குளிசைக்குக் கேட்டதா என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போவது. "நெஞ்சு நோகுது டொக்டர்" என்ற ஒரு வசனத்தை விட அந்த ஒரு பக்கக் குறிப்பு வைத்தியருக்குக் கூடுதலாகச் சொல்லும். எழுத்து வராதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கண்ணாடிப் போத்தலும் எங்கள் வெயிலும்

நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசையின் பெயர் கிளிசரைல் ட்ரைநைட்ரேட். சுருக்கமாக ஜீரீஎன். இது வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வீரியம் இழக்கும் மருந்து. அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, மூடி இறுக்கி, 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. பஞ்சு கூட உள்ளே வைக்கக் கூடாது. திறந்து எட்டுக் கிழமை ஆனால் மிச்சத்தை எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும்.

வருடத்தின் பெரும்பகுதி பகலில் 30 பாகையைத் தாண்டும் எங்கள் பகுதியில் இந்தக் குளிசை எங்கே இருக்கிறது? சொப்பிங் பையில் முடிந்து சாமித்தட்டில். சாரத்து மடிப்பில். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில். தகரக் கூரையின் கீழ் அலுமாரியில், போன வருடம் திறந்தது. தேவைப்படும் நேரத்தில் அது வேலை செய்யாவிட்டால், "எனக்குக் குளிசையும் கேக்குதில்ல" என்ற பயம் வலியோடு சேர்ந்துகொள்கிறது. போத்தலைத் திறந்த திகதியை அதன் மேல் எழுதி, வீட்டில் குளிர்ச்சியான இருண்ட மூலையில் வைப்பதும், வெளியே போகும்போது போத்தலோடு கைப்பையில் கொண்டுபோவதும் காசு செலவில்லாத காரியங்கள்.

பாவிக்கும் முறையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். வலி வந்தால் செய்வதை நிறுத்துங்கள், உட்காருங்கள். நின்றபடி குளிசை வைத்தால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கி விழலாம். ஒன்றை நாக்குக்குக் கீழே வைத்துக் கரைய விடுங்கள், விழுங்க வேண்டாம். தலையிடி வரும், அது பயப்பட வேண்டியதல்ல. ஐந்து நிமிடத்தில் வலி குறையத் தொடங்காவிட்டாலோ கூடினாலோ 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்வரை இரண்டாவதை வைக்கலாம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருக்க நகரத்தில் இருப்பவருக்கே நேரமில்லை. வாகரையிலிருந்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மேலும் 30க்கு மேல். மாரியில் கிரான் - புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கிப் படகில் கடக்க வேண்டியிருக்கும் நாட்களும் உண்டு. அந்தப் பக்கத்தில் இதயநோயாளி இருக்கும் வீடுகள் மாரி தொடங்க முன்னரே மருந்தையும் போக்குவரத்தையும் பற்றி யோசித்து வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் அஸ்பிரின் சப்பலாமா என்பதையும் அடுத்த கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்மைக் குறைபாட்டுக்கான சில்டெனாபில் வகைக் குளிசை எடுப்பவர்கள் ஜீரீஎன் வைக்கக் கூடாது. வெட்கப்பட்டு வைத்தியரிடம் மறைப்பது உயிராபத்து.

வழமைக்கு மாறான வலி வேறு கதை. சும்மா இருக்கும்போதோ நித்திரையிலோ வருவது, முன்பை விட அடிக்கடி அல்லது குறைந்த வேலைக்கே வருவது, வியர்த்துக் கொட்டி வாந்தி வருவது, குளிசைக்கு அடங்காதது. இவற்றை வீட்டில் வைத்துச் 'சமாளிக்க' முயலக் கூடாது. இரவு என்றாலும் போக வேண்டும். இரவில் வெளியே இறங்காமல் விடியும்வரை பொறுப்பது ஊரடங்கும் சுற்றிவளைப்பும் பழக்கிவிட்ட ஒன்று. இன்றும் சிலர் அப்படிப் பொறுக்கிறார்கள்.

நடைக்கு வருவோம். வலி வராமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று முதலில் பாருங்கள். அதற்குச் சற்றுக் குறைவாக ஒவ்வொரு நாளும் நடந்து, கிழமைக்குக் கிழமை கொஞ்சமாகக் கூட்டுங்கள். நல்லாயிருக்கிற நாளில் முழு வளவையும் கூட்டி, விறகும் கொத்தி, மறுகா மூன்று நாள் படுத்துக் கிடப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்தால் அந்த மூன்று நாளும் மிஞ்சும். வலி வரும் என்று தெரிந்த வேலைக்குச் சில நிமிடம் முன்னரே ஒரு ஜீரீஎன் வைத்துக்கொள்ளலாமா என்றும் வைத்தியரிடம் கேட்கலாம். அப்படிப் பாவிப்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. பலருக்கு இது தெரியாது. கருவாடு, உப்பு, புகைத்தல் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்ல வேண்டியதில்லை. புகைத்தலை விடுவது மட்டும் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது.

மருந்து இல்லாத நாட்கள்

சுயமுகாமை என்ற சொல்லை எங்கள் மக்கள் சந்தேகத்தோடு பார்த்தால் அதில் பிழையில்லை. முப்பது வருடம் 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. இப்போது நோயையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதா?

2022 ஏப்ரலில் நாடு கடன் செலுத்துவதை நிறுத்தியபோது அரச வைத்தியசாலைகளில் மருந்து வற்றியது. தேவையான மருந்துகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தை இறக்குமதி செய்யும் நாடு இது. நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் வெளியேறினார்கள். தரமற்ற இமியூனோகுளோபியூலின் கொள்வனவு விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். ஆட்சி மாறியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. ஆனால் அதன் பின்னரும் மருந்துத் தட்டுப்பாட்டுச் செய்திகள் நின்றுவிடவில்லை.

அன்ஜைனா உள்ளவருக்கு இது வெறும் செய்தியல்ல. அற்ரெனோலோல், பிசோப்ரோலோல் போன்ற குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் வலி முன்பை விட மோசமாகத் திரும்பலாம், மாரடைப்பும் வரலாம். 'கிளினிக்கில் இல்லை, வெளியில் வாங்குங்க' என்று ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப்படும்போது, காசில்லாதவர் அந்த மாதம் விட்டுவிடுகிறார். அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிக்கிறார். இதைச் சுயமுகாமை என்று யாரும் பெயரிட்டுவிடக் கூடாது.

இதே இலங்கையில்தான் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, அதன் முதல் தலைவராக இருந்து, வணிகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று போராடினார். உலகின் பல நாடுகள் அந்தக் கொள்கையைப் படித்தன. கல்குடாவின் நோயாளிக்கு அது இன்றும் பயன்படும். உங்கள் குளிசையின் வணிகப் பெயரை விட்டு அதன் சொந்தப் பெயரையும் அளவையும் தமிழில் எழுதி வைத்திருந்தால், பார்மசியில் மலிவான அதே மருந்தைக் கேட்கலாம். வெளிநாட்டு உறவினர் அனுப்பியதும் கிளினிக்கில் தந்ததும் ஒரே மருந்துதான் என்று தெரியாமல் இரட்டிப்பாகப் போடும் ஆபத்தும் குறையும்.

ஸ்ரென்ற் போட்டால் சரியா?

வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் வசனம், "அப்பாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்ரென்ற் போடுங்கோ, காசு நான் அனுப்புறன்." நல்ல மனம்தான். காணியை ஈடு வைத்துப் போனவர்களையும் தெரியும். ஆனால் 37 நாடுகளில் 5,179 நோயாளிகளை வைத்து நடத்தி 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு, நிலையான இதயநோய் உள்ளவர்களில் மருந்தோடு உடனடியாக ஸ்ரென்ற் அல்லது பைபாஸ் செய்தவர்களும், முதலில் மருந்தோடு மட்டும் இருந்தவர்களும் அடுத்த சில வருடங்களில் மரணத்திலும் மாரடைப்பிலும் பெரிதாக வேறுபடவில்லை என்று காட்டியது. அடிக்கடி வலி வருபவர்களுக்கு வலியைக் குறைப்பதில் ஸ்ரென்ற் கைகொடுத்தது. மாரடைப்பு வந்தவர்கள், இடது பிரதான நாடியில் அடைப்பு உள்ளவர்கள், இதயம் மிகவும் பலவீனமானவர்கள் இதற்குள் அடங்கமாட்டார்கள். அவர்களுக்கு அந்தச் சிகிச்சை உயிர் காக்கும்.

ஆகவே ஈடு வைக்க முன் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இது உயிரைக் காக்கவா, வலியைக் குறைக்கவா?" என்பதுதான். வலியைக் குறைக்க என்றால் காத்திருப்புப் பட்டியலில் இருப்பது மரண தண்டனை அல்ல. மருந்தை ஒழுங்காக எடுத்து, நடந்து, புகைத்தலை விட்டு, அந்தக் காலத்தைக் கடக்கலாம்.

எதைக் கேட்கலாம்

35 வயதைத் தாண்டியோரின் பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோலைப் பார்ப்பதற்கான ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் சுகாதார அமைச்சின் கீழ் ஏற்கெனவே இயங்குகின்றன. யோர்க் தாதி செய்த அரை மணித்தியாலப் பேச்சை ஒரு பயிற்சி பெற்ற தாதியால் இங்கேயும் செய்ய முடியும். ரொறன்ரோவின் ஆறு கிழமைக் குழுவுக்குத் தேவைப்பட்டது பத்துக் கதிரைகளும் ஒரு மண்டபமும். கோறளைப்பற்றுப் பிரதேசங்களில் பொதுநோக்கு மண்டபமோ பள்ளிவாசல் மண்டபமோ கோயில் மடமோ இல்லாத கிராமம் குறைவு. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த தெருவில் வாழும் இப்பகுதியில் ஒரே மொழியில் ஒரே வகுப்பை நடத்தலாம்.

மொழிதான் இன்னொரு கேள்வி. தமிழ் 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி அரசகரும மொழி. ஆனால் குளிசை உறையில் ஆங்கிலச் சுருக்கெழுத்தும், சில இடங்களில் சிங்களம் மட்டும் பேசும் வைத்தியரும், நடுவில் மொழிபெயர்க்கும் சிற்றூழியரும் என்பது கிழக்கில் புதிய கதை அல்ல. 'ஐந்து நிமிடம்' என்பதை 'ஐந்து குளிசை' என்று விளங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜீரீஎன் பாவிக்கும் முறையைத் தமிழில் படத்தோடு அச்சிட்ட ஒரு தாளைப் போத்தலோடு கொடுப்பதற்கு எந்த வரவு செலவுத் திட்டமும் தடையாக இருக்க முடியாது. இதைப் பிரதேச சபை உறுப்பினர்களிடமும் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களிடமும் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

கதிரையில் மூன்று வருடம் இருந்த என் உறவினரைப் பற்றிச் சொன்னேன். வெளிமாவட்டத்திலிருந்து வந்த ஓர் இளம் தாதி ஒருநாள் அவரிடம் கால் மணித்தியாலம் இருந்து கதைத்தார். "ஐயா, இது வந்து வந்து போறதால இதயம் தேயாது" என்றார். அவர் அதை நம்பவில்லை. ஆனால் அடுத்த நாள் கேற் வரை நடந்து பார்த்தார்.